சண்டை முடிந்தால் வீரன் எங்கே தூங்குவான்?

(இரண்டாம் ஆண்டு, எந்திரவியல் துறை)



ராஜா கதையாகட்டும், சினிமாவாகட்டும், கதாநாயகன் சண்டை போடுவான், ஜெயிப்பான். அவன் வீட்டு வாடகை கொடுத்ததாக யாராவது காட்டியிருக்கிறார்களா? அதற்கும் கணக்கு எழுதுகிற விளையாட்டு ஒன்று உண்டு. விடுதியில் சனிக்கிழமை ராத்திரி நாங்கள் நாலு பேர் அதை ஆடுகிறோம்.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான்! கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி.

சரி, ஒரு சாகசத்துக்கும் அடுத்த சாகசத்துக்கும் நடுவில் பாத்திரம் எங்கே இருக்கும்? பெரும்பாலும் சத்திரத்தில். அதுவும் சும்மா கிடையாது. இந்த ஆட்டத்தின் 1979-ம் வருட வழிகாட்டி நூல்படி, பாத்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் மாதம் 100 பொற்காசு செலவு. ஐந்தாம் நிலை வீரன் என்றால் மாதம் 500 காலி! 2014-ம் வருட விதிகளில் வாழ்க்கையை நாமே தேர்ந்தெடுக்கலாம். அழுக்குக் குடிசை நாளைக்கு 1 வெள்ளிக்காசு. சுமாரான அறை 1 பொற்காசு, அதாவது பத்து மடங்கு. பிரபு மாதிரி வாழ 10 பொற்காசாவது வேண்டும்.

பெரிய வீரனானால் சொந்த இடம். 1978-ம் வருட விதிப்படி, ஒன்பதாம் நிலைப் போர்வீரன் கோட்டை கட்டி, சுற்றுவட்டாரத்தில் உள்ள அரக்கர்களை விரட்டினால், அங்கே குடியிருப்பவர்களிடம் மாதா மாதம் வரி வாங்கலாம்.

1977-ல் வந்த 'டிராவலர்' விண்வெளி ஆட்டம். அதில் கப்பலே வீடு, ஆனால் கடனில் வாங்கிய வீடு! விலையில் 20 சதவீதம் முன்பணம். பிறகு விலையில் 240-ல் ஒரு பங்கு வீதம் 480 மாதத் தவணை. கூட்டிப் பாருங்கள்: 40 வருடத்தில் விலையைப் போல 2.2 மடங்கு கட்டி முடிக்க வேண்டும். தவணைக்காகவே சரக்கு ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாக அலைவார்கள்.

1985-ல் வந்த 'பென்டிராகன்' ஆர்தர் மன்னன் காலத்துக் கதை. வருடத்துக்கு ஒரு சாகசம். குளிர்காலத்தில் வீரன் தன் பண்ணை வீட்டுக்குத் திரும்புவான். விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா எல்லாவற்றுக்கும் பகடை. வருடங்கள் ஓட, கிழவனான வீரனுக்குப் பதிலாக மகன் ஆட்டத்துக்கு வருவான்.

இத்தனை செலவுக் கணக்கு எதற்கு? பெட்டி நிறையப் பொன் இருப்பவன் மறுபடி இருட்டுக் குகைக்குள் போவானா? செலவு இருந்தால்தான் புறப்படுவான். கதையை நகர்த்துகிற எந்திரமே அதுதான்.

எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெஸ் பில், பஸ் பாஸ், பரீட்சைக் கட்டணம் என்று அப்பா போடும் கணக்கும் இதே ஜாதிதான். அதனாலோ என்னவோ, எங்கள் நாலு பேரில் மூன்று பேர் வெள்ளிக்காசுக் குடிசையைத்தான் எடுத்தோம், மிச்சம் கவசம் வாங்க. அங்கே நோய், பசி, அடிதடி எல்லாம் வரும் என்று புத்தகமே எச்சரிக்கிறது. போன மாதம் நான் மட்டும் பொற்காசு அறைக்கு மாறிவிட்டேன். கவசம் தள்ளிப்போகும், போகட்டும். நாளைக்குச் சண்டை போட வேண்டியவன் இன்றைக்கு ஒழுங்காகத் தூங்க வேண்டாமா?