கணக்குத் தொடங்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றின் அணைக்கட்டு, எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் நெல்லும் கரும்பும். கடைத்தெருவின் வரவு செலவு இவற்றையே நம்பி இருக்கிறது. மேற்கே விருத்தாசலம் போனால் களிமண்ணும் சூளையும். அகல்விளக்கு, கொலுப் பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று பீங்கான் சரக்குகளுக்கு அது பெயர் பெற்ற ஊர். இந்த இரண்டு ஊர்களின் கடைகளிலும் பட்டறைகளிலும் ஒரு தலைமுறைக்குள் எத்தனையோ மாறிவிட்டன. அவற்றுள் வெளியே தெரியாத மாற்றம் ஒன்று உண்டு. ஒரு தொழிலுக்குப் புதிதாகக் கணக்குத் தொடங்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்பதில் நேர்ந்த மாற்றம் அது.

அன்று கேள்வி கேட்டவர் கணக்குப்பிள்ளை. சித்திரை முதல் நாளோ, ஆயுத பூஜையோ, ஏப்ரல் முதல் தேதியோ, ஏதோ ஒரு நல்ல நாளில் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகங்கள் வந்து இறங்கும். மூலையில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவார்கள். பேரேட்டில் யாருக்கு எத்தனை பக்கம் ஒதுக்குவது என்பதை மட்டும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கடனுக்குச் சரக்கு எடுப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் அறுவடைக்குப் பிறகு தருபவர் யார், கரும்புப் பணம் வந்ததும் தருபவர் யார், வீட்டுச் செலவும் கடைப் பெட்டியிலிருந்துதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பொம்மைப் பட்டறையாக இருந்தால், “முதலாளி, சூளையில நூத்துக்கு எத்தனை உடையும்? செகண்ட்ஸ் சரக்கைத் தனியா எழுதணுமா, நல்லதோட சேர்த்தா?” என்பதும் வரும். முதலாளி சொல்லும் பதிலைப் பொறுத்துப் புத்தகம் பிரிக்கப்படும். ஒரு மாலைப் பொழுதுக்குள் அந்தத் தொழிலுக்கென்றே தைத்த ஒரு கணக்கு முறை உருவாகிவிடும்.

அதன் குறையும் அதே இடத்தில்தான் இருந்தது. அந்த முறை கணக்குப்பிள்ளையின் தலைக்குள் வாழ்ந்தது. அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் யார் எவ்வளவு பாக்கி என்று முதலாளிக்கே தெரியாது. அவர் எழுதியதைச் சரிபார்க்கும் அறிவு கடையில் வேறு யாருக்கும் இருக்காது. வியாபாரத்துக்குப் புதியவர்கள், அதிலும் பெண்கள், கணக்கை நினைத்தே தயங்கி நின்றார்கள்.

கணினி வந்தபோது இந்தச் சார்பு குறையவில்லை. ஆள் மட்டும் மாறினார். 1990-களில் சிறு நகரங்களுக்கு வந்த கணக்கு மென்பொருள்களில் பல டாஸில் ஓடியவை; டிபேஸிலோ ஃபாக்ஸ்ப்ரோவிலோ உள்ளூர் புரோகிராமர் எழுதிக் கொடுத்தவை. ஃபிளாப்பிகளுடன் பேருந்தில் வந்து இறங்குபவர் அவரே. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, கணினியின் தொடக்கக் கோப்புகளில் சில வரிகளைத் திருத்தி, ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் கொடுப்பார். ரொக்கத்துக்கு ஓர் எண், வங்கிக்கு ஓர் எண், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண். அந்தப் பட்டியலை அச்சிட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுவார்கள். எண்ணை மாற்றித் தட்டினால் ஒருவருடைய பாக்கி இன்னொருவர் தலையில் ஏறிவிடும். வரி விகிதம் மாறினால் புரோகிராமர் மறுபடியும் பேருந்து ஏற வேண்டும். தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபோது, இப்படிப்பட்ட மென்பொருள் வைத்திருந்த கடைகள் அவருக்காகக் காத்துக் கிடந்தன.

அந்த எண் பட்டியலைச் சுவரிலிருந்து இறக்கியது டேலி என்ற கணக்கு மென்பொருள். ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல் தந்தை தேடியதே அதற்குத் தூண்டுதல். அவர்கள் செய்த மென்பொருளில் கணக்குகளுக்கு எண் தேவையில்லை, பெயர் போதும். புது நிறுவனம் தொடங்கினால் திரை வரிசையாகக் கேட்கும்: பெயர் என்ன, முகவரி என்ன, எந்த மாநிலம், நிதியாண்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது, புத்தகம் எந்தத் தேதியிலிருந்து? கடைசியில் ஏற்கலாமா, ஆமா இல்லையா? ஆம் என்றதும் 28 தொகுதிகள் தயாராக நிற்கும். முதன்மைத் தொகுதிகள் 15, அவற்றின் உட்பிரிவுகள் 13. ரொக்கக் கணக்கும் லாப நட்டக் கணக்கும் கேட்காமலே திறந்திருக்கும். கணக்குப்பிள்ளைக்கு ஒரு மாலையும் புரோகிராமருக்குச் சில நாட்களும் பிடித்த வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

உலகமெங்கும் மென்பொருள் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. 1991-இல் வந்த மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர், பயனரிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு ஆவணத்தைத் தானே அமைத்துக் கொடுத்தது. விசார்ட் என்ற பெயரோடு அந்த முறை பரவி, அச்சுப்பொறி இணைப்பதிலிருந்து பெரிய நிறுவனங்களின் நிர்வாக மென்பொருள் அமைப்பது வரை வந்துவிட்டது. அதன் உள்ளே இருக்கும் எண்ணம் எளிமையானது. தேர்ந்த ஒருவர் எந்த வரிசையில் என்னென்ன கேட்பாரோ அதைத் திரைக்குள் எழுதி வைத்துவிட்டால், தேர்ச்சி இல்லாதவரும் பதில் சொல்லிக்கொண்டே போய் வேலையை முடித்துவிடலாம். ஒரு திரைக்கு ஒரு கேள்வி, முடிந்தால் ‘நெக்ஸ்ட்’.

அரசுப் பதிவுகளிலும் இந்த மாற்றத்தை அளந்து பார்க்கலாம். விருத்தாசலத்தில் பொம்மைப் பட்டறை தொடங்கியவர் முன்பு கடலூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு, உற்பத்தி தொடங்கியபின் நிரந்தரப் பதிவு. 2006-க்குப் பிறகும் தொழில்முனைவோர் குறிப்பாணை என்று இரண்டு பகுதிகள் இருந்தன. 2015-இல் உத்யோக் ஆதார் வந்து அதை ஒரு பக்கமாக்கியது. 2020 ஜூலை 1 முதல் உத்யம் பதிவு. ஆதார் எண், கைபேசிக்கு வரும் ஓடிபி, பான் எண், பிறகு பட்டியலிலிருந்து தொழிலைத் தேர்ந்தெடுப்பது. உலோகமல்லாத பிற கனிமப் பொருள்கள் என்ற 23-ஆம் பிரிவைத் தொட்டால் அதற்குள் 2393 என்ற எண்ணில் பீங்கான் பொருள்கள் இருக்கின்றன. புதுத் தொழில் என்றால் முதலீடும் விற்றுமுதலும் நாம் சொன்னால் போதும். சான்றிதழ் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. கடலூருக்குப் போய் வரும் ஒரு பகலும், அலுவலர் இருக்கையில் இல்லாத நாட்களும் மிச்சம். பொம்மைக்கு வண்ணம் தீட்டும் ஒரு பெண் தன் பெயரில் பட்டறை பதிய யாருடைய சிபாரிசும் வேண்டாம் என்பதை நான் பெரிய ஈட்டமாகவே கருதுகிறேன்.

ஜிஎஸ்டி பதிவில்தான் இழப்பும் தெரிகிறது. 2017 ஜூலை 1-இல் வந்த அந்த வரிக்கான விண்ணப்பம் பெரும்பாலும் திரைவழி நடப்பது. முதற்பகுதியில் பான், கைபேசி, மின்னஞ்சல் கொடுத்தால் ஒரு தற்காலிக எண் கிடைக்கும். 15 நாட்களுக்குள் இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும். அதில் பத்துப் பிரிவுகள். நிரப்பியவற்றுக்கு டிக் விழுந்துகொண்டே வரும். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். முன்பு வணிகவரி அலுவலகத்தில் தாள் கட்டோடு நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பத்துப் பிரிவுகளுக்குள் ஒரு சிறு கேள்வி இருக்கிறது: காம்போசிஷன் திட்டத்தில் சேர்கிறீர்களா, ஆமா இல்லையா? சரக்கு விற்பவர்களில் ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருப்பவர் இதில் சேரலாம். விற்றுமுதலில் ஒரு சதவிகிதம் கட்டினால் போதும், கணக்கு வேலையும் குறைவு. சிறு பட்டறைக்காரர் ஆம் என்பதே இயல்பு. திட்டத்தின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்ற சதுரத்திலும் டிக் அடித்து அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார். அந்த நிபந்தனைகளில் ஒன்று, வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக்கூடாது என்பது. நமக்கு வேறு மாநிலம் என்றால் ஆந்திரம், கேரளம் என்று நினைவு ஓடும். ஆனால் கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. கொலுவுக்கு முந்தைய மாதத்தில் புதுச்சேரிக் கடைக்கு ஒரு டெம்போ பொம்மை அனுப்பினாலே நிபந்தனை மீறப்பட்டுவிடும். கணக்குப்பிள்ளையாக இருந்தால், “பாண்டிச்சேரிக்குச் சரக்கு போகுமா?” என்று கேட்டிருப்பார். திரைக்குப் பாண்டிச்சேரி தெரியும், எண்ணாக. இந்தப் பட்டறையின் வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார் என்பது தெரியாது.

சூளைச் சேதமும் இப்படித்தான். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் வைத்தால் எல்லாம் முழுதாக வெளிவராது. விரிசல் விடும், கோணும், உடையும். தப்பியவற்றிலும் ஒரு பங்கு இரண்டாம் தரம். பீங்கான் தொழிலில் லாபத்தைத் தீர்மானிப்பதே இந்தக் கணக்குதான். டேலியில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. உற்பத்திக்கென்று தனி ஜர்னல் அமைத்து, மூலப்பொருள் பட்டியல் கொடுத்து, கழிவையும் அதில் எழுதலாம். ஆனால் அது தேடிப் போய் இயக்க வேண்டிய வசதி. நிறுவனம் தொடங்கும்போது வரும் கேள்விகளில் சூளை கிடையாது. அதனால் வாங்கிய மண்ணும் விற்ற பொம்மையும் கணக்கில் ஏறும், நடுவே உடைந்தது ஏறாது. மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்கும்போது திரையில் இருக்கும் சரக்கு கிடங்கில் இருக்காது. தனக்கென்று சூளை இல்லாமல் பிறர் சூளையில் கூலிக்குச் சுட்டு வாங்குபவருக்கு இன்னொரு சிக்கல். அனுப்பும் சரக்குக்குச் சலான் போட வேண்டும், சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இதையும் அவராகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்காக வழிகாட்டும் திரைகளையே நான் குறை சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவிகிதம் என்ற இரண்டு அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கின. சரக்குகளைத் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருந்த கடைகளில், தொகுதிக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றியதோடு வேலை முடிந்தது. 2007-இல் புரோகிராமருக்காகக் காத்திருந்ததோடு இதை வைத்துப் பார்த்தால் ஈட்டத்தின் அளவு புரியும். உரக்கடைகளிலும் அப்படியே. 2018 முதல் மானிய உரம் பிஓஎஸ் கருவி வழியாகத்தான் விற்கப்படுகிறது. ஆதார், விரல்ரேகை, உரத்தின் பெயர், மூட்டை எண்ணிக்கை என்று கருவி கேட்கும் வரிசையில் பதில் சொன்னால் ரசீது வந்துவிடும். பேரேடு எழுதத் தெரியாதவரும் அதை இயக்குகிறார்.

குறை இருப்பது கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே. பழைய கேள்வி தமிழில் வந்தது, காரணத்தோடு வந்தது. பதில் தடுமாறினால் கேட்டவர் வேறு விதமாகத் திருப்பிக் கேட்டார். இன்றைய கேள்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது, காரணம் சொல்லாமல் வருகிறது. சில இடங்களில் பதிலும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறது. எனவே ஊர்க்காரர் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். அங்கே இருக்கும் இளைஞர் வேகமாக நிரப்பித் தருகிறார், உதவும் எண்ணம்தான். ஆனால் ஓடிபி தாமதமாகாமல் இருக்கத் தம் கைபேசி எண்ணையும் தம் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார். துறை அனுப்பும் நோட்டீஸ் அந்த மின்னஞ்சலுக்கே போகிறது. தொழில் ஒருவருடையது, சாவி இன்னொருவரிடம். கணக்குப்பிள்ளையின் தலைக்குள் பூட்டியிருந்த காலத்திலிருந்து விடுபட்டு வேறொரு பூட்டுக்குள் போவதாக இது முடியக்கூடாது.

மென்பொருள் செய்பவர்கள் தொழிலின் பெயரைக் கேட்டதும் அந்தத் தொழிலுக்கு உரிய இரண்டு மூன்று கேள்விகளைச் சேர்க்க முடியும். 2393 என்று தேர்ந்தெடுத்தவரிடம் சூளைச் சேதத்தைக் கேட்பது கடினமான நிரல் வேலை ஆகாது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, இதை ஏன் கேட்கிறோம், ஆம் என்றால் என்ன ஆகும் என்று இரண்டு வரி தமிழில் எழுதுவதும் கடினமில்லை. அது வரும்வரை புதிதாகத் தொழில் தொடங்குபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திரைக்கு முன் உட்காருவதற்கு முன்னாலேயே, எங்கெல்லாம் விற்கப் போகிறீர்கள், எவ்வளவு சேதம் ஆகும், சரக்கு யாருடைய சூளைக்குப் போகும், கடன் யாருக்கு என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை ஒரு ஆடிட்டரிடமோ அனுபவமுள்ள கணக்கரிடமோ ஒருமுறை காட்டுங்கள். பதிவு யார் செய்து கொடுத்தாலும் அதில் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலும் மட்டுமே இருக்கட்டும்.