மலையூரிற் பழைய மோட்டார் வாங்குதல்

வெள்ளக்கடை முதலிய சேர்வராயன் மலையூர்களில் மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் நோயாளியைச் சேலத்திற்குக் கொண்டு செல்லவும் அது வேண்டும். புதிய வண்டிக்குப் பொருள் போதாதார் தெரிந்தவரிடம் பழைய வண்டியை வாங்குகின்றனர். வாங்குமுன் நாம் நோக்க வேண்டுவன சில உள.

ஒரே தூரம் ஓடியிருப்பினும் சமவெளி வண்டியும் மலை வண்டியும் ஒத்தன அல்ல. சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் பாதையிற் கொண்டையூசி வளைவுகள் 20 உள. ஏறுங்கால் கிளட்சும் இறங்குங்கால் பிரேக்கும் தேய்கின்றன. மீட்டரோ இதனைக் காட்டுவதில்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று காணுதல் நலம். முன்னரே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். பின்னர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் இரைந்தும் வண்டி விரையாதாயின் கிளட்சு தேய்ந்ததென்றறியலாம். பிரேக்கை மிதித்து அழுத்தியவாறே இருக்க, மிதி மெல்லத் தாழுமாயின், அதனைச் செப்பஞ் செய்யாமல் மலையிறங்குதல் உயிர்க்கே கேடாம். பூச்சின் மினுமினுப்பில் மயங்குவோரே பலர்!

பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியிற் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். வண்டியின்மேற் கடனுண்டாயின், அது தீர்ந்ததற்குரிய சான்றும் படிவம் 35-உம் பெறுக.

இவையனைத்தினும் மேலானது பெயர் மாற்றம். ஆபிரகாம் மக்பேலா நிலத்தை எப்பெரோனிடம் வாங்கியபோது, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்ததோடு அமையாது, பட்டண வாசலிற் கூடினோர் அறிய அதனை உறுதிப்படுத்திக்கொண்டான் என ஆதியாகமத்திற் காண்கிறோம். நம்மவரோ பணமும் சாவியும் கைம்மாறியவுடன் காரியம் முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அதற்குரியவை 29, 30 என்னும் படிவங்கள். இன்சூரன்சைத் தம் பெயர்க்கு மாற்றவும் வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அறிவியாவிடின் நேர்வது யாது? ஒருவர் 2007-இல் தம் வண்டியை விற்றார். அது மேலும் சிலரிடம் கைம்மாறிற்று. பதிவேட்டிற் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-இல் அவ்வண்டியால் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பதிவேட்டிற் பெயருள்ளவரே உரிமையாளர். நட்டஈடு தரும் பொறுப்பும் அவரதே என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வண்டியைக் கண்ணாற் கண்டும் ஈராண்டாகிய ஒருவர் இறந்தோர் குடும்பத்திற்குப் பொறுப்பாளி ஆயினர்! நட்டஈடு வேண்டி நிற்கும் எளியவர், வண்டி யார்யார் கை மாறிற்றென்று தேடி அலைதல் இயலாதன்றோ?

வாங்குபவர் பெயரும் தேதியும் இடாத வெறும் படிவத்திற் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கம் ஆங்காங்கு உண்டு. அதனைத் தருதலும் தகாது, பெறுதலும் தகாது. விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையத்தளத்திலேயே தொடங்கலாமாதலின், மலையிறங்கிச் செல்லும் வருத்தத்தைக் காரணங் காட்டவும் இடமில்லை.