கை குணமானால் போதுமா?

காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் தலை பின்னி ரிப்பன் கட்டிக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில், மூன்றாகப் பிரித்த கூந்தலை விரல்கள் தாமாகவே மாற்றி மாற்றிப் பின்னிவிடுகின்றன. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஒரு நாள் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு பின்னிப் பாருங்கள், தோழியரே!

நோயினாலோ விபத்தினாலோ அன்றாடச் செயல்களைச் செய்ய இயலாதவர்கள் அவற்றை மீண்டும் செய்ய உதவும் துறையே ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் இதைச் செயல்வழி மருத்துவம் எனலாம். ஆக்குபேஷன் என்றதும் சம்பளம் வாங்கும் உத்தியோகம் என்று எண்ணிவிடக் கூடாது. உண்பது, உடுப்பது, சமைப்பது, படிப்பது, விளையாடுவது எல்லாம் அதில் அடங்கும்.

இத்துறையினர் கவனிப்பவற்றுள் மூன்றை இங்கே காண்போம். முதலாவது உடலின் அமைப்பு. அதாவது எலும்பு, மூட்டு, தசை, நரம்பு, மூளை முதலியன. இரண்டாவது உடலின் இயக்கம்; தசையின் வலு, மூட்டு மடங்கும் அளவு, தொடுவுணர்வு, நினைவு, கவனம் போன்றவை. உலகச் சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டிலும் இவ்விரண்டும் தனித்தனியே கூறப்பட்டுள்ளன. மூன்றாவது செயல்திறன். இது ஒருவர் வேலை செய்யும்போது கண்ணால் காணக்கூடியது. எட்டி எடுப்பதும் நழுவாமல் பற்றுவதும் இயக்கத் திறன். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசை தவறாமல் முடிப்பது ஒழுங்குத் திறன். பிறரோடு பேசிக் கலந்து செய்வது பழகும் திறன்.

இம்மூன்றும் ஒன்றல்ல என்பதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் கை நரம்புகளைத் தாக்கும்போது, உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடுகின்றன. பிராண்ட், நல்ல தசை ஒன்றின் நாணை இடம் மாற்றி இணைத்து, அவ்விரல்களை நிமிரச் செய்தார்.

அமைப்பு சீராயிற்று. அத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. ஒரு வேலைக்குப் பழகிய தசை இப்போது வேறொரு வேலையைக் கற்க வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்தபின் நாள்தோறும் பயிற்சி செய்த பிறகே விரல் சொன்னபடி கேட்கும்.

அப்போதும் ஒரு குறை நீங்குவதில்லை. இழந்த தொடுவுணர்வை இந்த அறுவை திரும்பத் தராது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். நோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இத்தகைய காயங்களே காரணம், சதை தானாக அழுகி விழுவதில்லை என்று பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

இங்கேதான் செயல்திறன் கைகொடுக்கிறது. அத்தகைய ஒரு தாய் மீண்டும் சமைக்க விரும்பினால், பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கவும், பருமனான மரக் கைப்பிடி போட்ட கரண்டியைப் பயன்படுத்தவும், எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளவும், இரவில் இரு கைகளிலும் காயம் உண்டா என்று சோதிக்கவும் பழக்குகிறார்கள். விரலுக்கு இல்லாத உணர்வைக் கண் ஈடு செய்கிறது. உடலின் இயக்கத்தில் குறை இருந்தும் அவர் சோறு வடித்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார்!

தொழுநோய் இன்று மருந்தால் குணமாகும். ஆயினும் பக்கவாதம் வந்த பாட்டிக்கும், விபத்தில் கை முறிந்த அண்ணனுக்கும் இதே பாடம் பொருந்தும். அவர்களிடம் “கை எப்படி இருக்கிறது?” என்று கேட்பதோடு நின்றுவிடாமல், “எந்த வேலையை மறுபடி செய்ய ஆசை?” என்றும் கேட்போம். நலம் பெறும் முயற்சி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.