கேஸ் ஹீட்டர் வாங்கும் முன்: புகை வெளியேற வழி எங்கே?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காரைக்காலில் வெந்நீர் தேவைப்படாத வீடு குறைவு. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து மார்கழி முடியும் வரை காலைக் குளியலைக் கடினமாக்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் மின்சாரமும் நிச்சயமில்லை. ‘கரண்ட் போனாலும் சுடுதண்ணி வரும்’ என்று கடைக்காரர் சொல்லும்போது கேஸ் கீசர் நல்ல தீர்வாகத்தான் தோன்றுகிறது. நெரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் பக்கம் எழும் புது வீடுகளுக்கும், திருநள்ளாறு வரும் பக்தர்களை நம்பி நடக்கும் விடுதிகளுக்கும் இது பொருந்தும். வசதியுள்ள சிலர் வீட்டு நீச்சல் குளத்துக்குக்கூட கேஸ் ஹீட்டர் வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

விலை, வாரன்டி, எத்தனை லிட்டர் என்பதையெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எரிந்த வாயு எந்த வழியாக வெளியேறும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் எந்த கேஸ் ஹீட்டரும் பாதுகாப்பானது அல்ல.

அடுப்புக்கும் கீசருக்கும் உள்ள வித்தியாசம்

நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றும் கீசர் சுமார் 12 கிலோவாட் அளவுக்கு எரிகிறது. சமையல் அடுப்பின் ஐந்தாறு பர்னர்களை ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்டால் வரும் வெப்பம் அது. பத்து நிமிடக் குளியலுக்கு ஏறத்தாழ 160 கிராம் எரிவாயு செலவாகும். அது முழுமையாக எரிய சுமார் 2,000 லிட்டர் காற்று வேண்டும்.

5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 8,000 லிட்டர்தான். கதவைச் சாத்தி, மழைச்சாரலுக்காக வென்டிலேட்டரையும் அடைத்துவிட்டால், ஒருவர் குளித்து முடிப்பதற்குள் கால்வாசிக் காற்றின் ஆக்சிஜனை நெருப்பு தின்றுவிடும். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சில புள்ளிகள் இறங்கினாலே எரிவாயு அரைகுறையாக எரியத் தொடங்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும்போது இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கு ஆபத்து கூடுவது இதனால்தான்.

சிலிண்டர் வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியும், அதற்காகவே நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு கை கால் துவண்டு, கதவுத் தாழ்ப்பாளை எட்டித் திறக்கக்கூட முடியாத நிலை வந்துவிடும். மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் கேஸ் கீசர் குளியலறை மரணங்கள் பலமுறை செய்தியாகியுள்ளன. பிழைத்தவர்களுக்கு வரும் வலிப்பு, மூளைப் பாதிப்பு பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நீச்சல் குள ஹீட்டர் பறித்த உயிர்கள்

ஹீட்டர் வெளியே இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

1977இல் ஆஸ்திரேலிய ஓபன் பட்டம் வென்ற அமெரிக்க டென்னிஸ் வீரர் விட்டாஸ் ஜெருலைட்டிஸ், 1994 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டனில் நண்பரின் விருந்தினர் குடிலில் தங்கியிருந்தபோது இறந்தார். அவருக்கு வயது 40. நீச்சல் குள ஹீட்டரின் புகைக்குழாய் சரியாக அமைக்கப்படாததால், வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடு குடிலுக்குள் புகுந்திருந்தது.

2013இல் வட கரோலினாவின் பூன் நகரில் ஒரு ஓட்டல் அறையில் ஏப்ரலில் வயதான தம்பதி இறந்தனர். காரணம் வெளியாகும் முன்பே அதே அறை மறுபடி வாடகைக்கு விடப்பட்டது. ஜூன் மாதம் அங்கே 11 வயதுச் சிறுவன் இறந்தான். கீழே இருந்த நீச்சல் குள ஹீட்டரின் புகைக்குழாய் அரித்துப் போயிருந்தது, வாயு மேல் அறைக்கு ஏறியிருந்தது.

குழாய் அரிப்பது என்பது காரைக்காலுக்குப் புதிய விஷயமல்ல. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியும் கேட்டும் சில ஆண்டுகளில் துருவேறுவதை நாம் பார்த்தே வருகிறோம். ஹீட்டரின் பர்னருக்கும் புகைக்குழாய்க்கும் அதே கதிதான். அதனால் உள்நாட்டு ஊர்களைவிட இங்கே சோதனை அடிக்கடி நடக்க வேண்டும். வெளியே வைக்கும் ஹீட்டருக்கு அருகில் படுக்கையறை ஜன்னலோ ஏசியின் காற்று நுழையும் வழியோ இருக்கக் கூடாது.

நீச்சல் குளத்தைப் பொறுத்தவரை செலவுக் கணக்கும் கேஸுக்குச் சாதகமாக இல்லை. 40,000 லிட்டர் தண்ணீரை 4 டிகிரி மட்டும் சூடேற்றவே சுமார் 18 கிலோ எரிவாயு தேவைப்படும். அதாவது ஏறக்குறைய ஒரு முழு வணிக சிலிண்டர். அந்தச் சூட்டில் கணிசமான பகுதி தண்ணீர் ஆவியாவதில் இரவோடு இரவாகப் போய்விடும். குளத்தை மூடி வைக்கும் உறையும் சூரிய வெப்பத் தகடுகளும் நம் வெயிலுக்குப் போதும். மேலும் வேண்டுமென்றால் ஹீட் பம்ப் போடலாம். காரைக்காலில் வீட்டு நீச்சல் குளத்துக்கு கேஸ் ஹீட்டர் தேவையே இல்லை.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

குளியலறைக்கு சோலார் அல்லது மின்சார கீசர் முடியுமென்றால் அதையே முதலில் யோசியுங்கள். கேஸ் கீசர்தான் என்று முடிவு செய்தால் இவற்றைக் கவனியுங்கள்:

• ஐஎஸ்ஐ முத்திரையும், அதனுடன் ஐஎஸ் 15558 என்ற தர எண்ணும், உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண் உண்மையா என்று ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

• சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் கருவி, ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சார், குறிப்பிட்ட நிமிடங்களில் தானே நிற்கும் டைமர் ஆகியவை உள்ளனவா என்று கேளுங்கள். இவை இருந்தாலும் காற்றோட்டத்துக்கு மாற்று ஆகாது.

• கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். காற்று நன்றாக வரும் பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்டி, சூடான தண்ணீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டு வாருங்கள். மேலே மழைத் தடுப்பு வேண்டும்.

• சிலிண்டர் ஒருபோதும் குளியலறைக்குள் இருக்கக் கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும்.

• ஒரே ரெகுலேட்டரிலிருந்து டி-ஜாயின்ட் போட்டு அடுப்புக்கும் கீசருக்கும் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சுரக்ஷா டியூபையே போட்டு, ஐந்து ஆண்டுக்குள் மாற்றுங்கள்.

• நீலச் சுடர் மஞ்சளாக மாறினாலோ கரி படிந்தாலோ உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

• ரசீது, வாரன்டி அட்டை, பொருத்தியவர் கொடுத்த பில் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

ஏற்கெனவே குளியலறைக்குள் மாட்டியிருப்பவர்கள், அதை இடம் மாற்றும் வரை கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்துவிட்டு, அறையின் காற்று மாறிய பிறகே குளிக்க வேண்டும்.

ஆபத்து நேர்ந்தால்

குளிக்கப் போனவர் குரலுக்குப் பதில் தரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கதவைத் திறந்து, கீசரையும் சிலிண்டரையும் மூடி, ஆளைத் திறந்த வெளிக்கு இழுத்து வாருங்கள். 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

மருத்துவமனையில் ‘கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்த அறையில் மயங்கினார்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனாகவே எண்ணி, அளவு சரியாக இருப்பதாகக் காட்டிவிடும். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு ரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.

எரிவாயு நாற்றம் அடித்தால் அது வேறு ஆபத்து. மின் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். அது 24 மணி நேரமும் இயங்குகிறது.

சட்டம் தரும் உரிமைகள்

வீட்டு எரிவாயு இணைப்புக்கு, தனி பிரீமியம் கட்டாமலே எண்ணெய் நிறுவனங்களின் பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், பதிவு செய்த முகவரியில் ஏற்படும் சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. விபத்து நடந்ததும் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்க வேண்டும்.

ஆனால் இந்தக் காப்பீடு எரிவாயுவால் ஏற்படும் தீ விபத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. கார்பன் மோனாக்சைடு மரணத்தில் தீயே இருக்காது. எனவே இந்த ஒரு வழியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே வலுவான ஆயுதம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், குறையுள்ள பொருளால் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு கேட்க வழி செய்கிறது. சரியான பயன்பாட்டு அறிவுரையோ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளரும், தவறாகப் பொருத்திய சேவையாளரும், சில சூழல்களில் விற்றவரும் பொறுப்பாவார்கள். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

காரைக்கால்வாசிகளுக்கு இன்னொரு முக்கியமான செய்தி. நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ கீசர் வாங்கியிருந்தாலும், வழக்குக்காகத் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய, புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியே வீட்டிலிருந்தும் பதியலாம். முதற்கட்ட ஆலோசனைக்கு 1915, இலவச சட்ட உதவிக்கு 15100.

விடுதியில் தங்குபவரும் நுகர்வோரே. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் வேறு அறை கேளுங்கள். வீட்டு உபயோக சிலிண்டரை விடுதியில் பயன்படுத்துவதே சட்டப்படி குற்றம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கீசரை வெளியே மாற்றித் தரும்படி உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் நாளை சாட்சியாகும்.

சட்டம் இழப்பீடு வாங்கித் தரும், போன உயிரைத் தராது. இந்த மழைக்காலம் தொடங்கும் முன் உங்கள் வீட்டு கீசர் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். குளியலறைக்குள் இருந்தால் இந்த வாரமே வெளியே மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.