ஊருக்குத் திரும்புமுன் பத்திரங்களைச் சேர்ப்போம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் அல்லைப்பிட்டி. ஆனால் தமிழக முகாமிலிருந்து அதே ஊருக்கு வருவது ஒரு வெளிநாட்டுப் பயணமாகி விடுகிறது. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்துள் நுழைந்தபோதும், 2006 ஓகஸ்டில் பிலிப்நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தபோதும் எம்மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். அவர்களில் கடல் கடந்தோரும் உளர். போகும்போது பத்திரம் கேட்பாரில்லை. திரும்பும்போது ஒவ்வொன்றும் கேட்கப்படும்.

முதலில் பிள்ளைகளைக் கவனிப்போம். பெற்றோர் இலங்கையர் என்பதால் இந்தியாவில் பிறந்த பிள்ளை தானாகவே இலங்கைப் பிரசையாகிவிடாது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி பிறப்பைப் பதிய வேண்டும். அதற்கான காலம் ஒரு வருடம்; பிந்தினால் விசேட அனுமதி தேவை. பதிவை சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் செய்யலாம். இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு, விவாகப் பத்திரங்கள் ஆயத்தமாக இருக்கட்டும். இதைத் தவறவிட்டால் பின்னர் அடையாள அட்டை எடுக்கும் வயதில் பிள்ளை அந்தரப்படும்.

கடவுச்சீட்டு இல்லாதோர் தற்காலிகப் பயணப் பத்திரத்துக்கு அதே அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தியாவைவிட்டு வெளியேறும் அனுமதியும் பெற வேண்டும். முகாம் அதிகாரியிடம் முன்கூட்டியே பேசுங்கள். விருப்பத்தோடு திரும்புவோருக்கு ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் கடந்த காலத்தில் விமானச் சீட்டு வழங்கியது. இப்போது என்ன உதவி உண்டென்பதைக் கேட்டறிந்து புறப்படுங்கள். இரவில் கள்ளப் படகேற வேண்டாம். அனுமதிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத வழியால் நாட்டுக்குள் வருவது குற்றம், உயிராபத்தும் உண்டு.

பெட்டியில் துணிக்கு முன் இவற்றை வையுங்கள்: பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், மருத்துவக் குறிப்புகள், முகாம் அட்டை, காணி உறுதி. உறுதி தொலைந்திருந்தால் அதன் இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தாலே காணிப் பதிவகத்தில் பிரதி தேட வழியுண்டு. எல்லாவற்றுக்கும் நிழற்பிரதி எடுத்து உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வயல் மாரி மழையை நம்பியது. கோடையிலேயே ஒருவர் முன்வந்து எல்லை, வேலி, கிணறு பார்த்தால் விதைப்புக்குக் குடும்பம் வந்து சேரலாம். பற்றை மண்டிய காணிக்குள் இறங்குமுன் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். நெடுநாள் கிடந்த கிணற்றை இயந்திரம் வைத்து ஒரேயடியாக இறைக்காதீர்கள், உவர் ஏறிவிடும். வந்ததும் கிராம அலுவலரிடமும் வேலணைப் பிரதேச செயலகத்திலும் பதியுங்கள்.

முகாமிலுள்ள உறவினருக்கு இப்பக்கத்தை அனுப்பி வையுங்கள். வீட்டுக்குக் கூரை போடப் பிந்தினாலும் பொறுக்கலாம். பிள்ளையின் பதிவு பிந்தக் கூடாது.