இணையம் வருகிறது, பிரிண்டர் வரவில்லை

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை. வினாத்தாள் ஆய்வகக் கணினியில் இருக்க, அலுவலக வைஃபை பிரிண்டர் அசையவில்லை. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி நகலெடுக்க நேரமில்லை. இணையமோ இரண்டு அறைகளிலும் வந்தது.

முகவரிகளைப் பார்த்தேன். கணினி 192.168.1.23, பிரிண்டர் 192.168.0.15. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. அதாவது முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் வீடு. மூன்றாம் எண் மாறியதால் தெருவே வேறு.

அலுவலகத்துக்கு வைஃபை எட்டவில்லையென்று இரண்டாவது ரூட்டர் வைத்திருந்தோம். முதல் ரூட்டரின் கேபிளை அதன் ‘வான்’ துளையில் செருகியதால், அது தனித் தெருவை உருவாக்கி, வெளியிலிருந்து வருவதைத் தடுத்தது.

சரிசெய்த விதம்:
1. கேபிளைக் கழற்றி, மடிக்கணினியை இரண்டாவது ரூட்டரில் இணைத்து, டிஎச்சிபியை நிறுத்தினேன்.
2. அதன் முகவரியை, முதல் ரூட்டர் யாருக்கும் வழங்காத 192.168.1.2 ஆக்கினேன்.
3. கேபிளை ‘லான்’ துளையில் செருகினேன்.
4. பிரிண்டரை அணைத்துப் போட்டு, கணினியில் மீண்டும் சேர்த்தேன்.

வினாத்தாள் அச்சானது. ஆனால் இப்போது மாணவர் கணினிகளும் அலுவலகக் கணினியும் ஒரே தெருவில். எனவே அலுவலகக் கோப்புப் பகிர்வை அன்றே நிறுத்தினேன். உங்கள் பள்ளியிலும் இப்படி நேர்ந்தால், பிரிண்டரைக் குறைசொல்லும் முன் மூன்றாம் எண்ணைப் பாருங்கள்.