கடலில் போகிறவனுக்கு ஏன் குடிநீர்?



புதுச்சேரி நகரின் வடகரையில் உள்ள குருசுக்குப்பம், பெயரிலேயே சிலுவையைச் சுமந்து நிற்கும் மீனவர் குடியிருப்பு. இங்கிருந்து கடலுக்குப் போகிறவர்கள் வலையோடு குடிநீரையும் படகில் ஏற்றிக்கொள்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். ஆனால் குடிக்க ஒரு மடக்கு இல்லை. இதற்குக் காரணம் நம் முதுகுப்புறம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கும் இரண்டு சிறுநீரகங்கள்.

தமிழ் வேதாகமத்தை வாசிக்கிறவர்கள் இந்த உறுப்பை இரண்டு பெயர்களில் பார்த்திருப்பார்கள். லேவியராகமத்தில் பலியிடும் முறைகளில் அது 'குண்டிக்காய்'. 139-ஆம் சங்கீதத்தில் 'உள்ளிந்திரியங்கள்' என்று வரும் இடத்திலும் எபிரெய மூலத்தில் இருப்பது சிறுநீரகத்தைக் குறிக்கும் சொல்லே. மனிதனின் அந்தரங்கம் அங்கே இருப்பதாக அக்காலத்தார் எண்ணினார்கள்.

ஒவ்வொரு சிறுநீரகமும் ஏறக்குறைய 150 கிராம் எடைதான். ஆனாலும் இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கு மேல், இவ்விரண்டின் வழியாகப் பாய்கிறது. ஒவ்வொன்றினுள்ளும் சுமார் பத்து லட்சம் 'நெஃப்ரான்'கள் என்னும் வடிகட்டிகள். அவற்றின் தொடக்கத்தில் நூல்கண்டு போல ஒரு நுண்ணிய இரத்தக்குழாய்ச் சுருள் உண்டு. இரத்த அணுக்களையும் புரதத்தையும் தடுத்து நிறுத்திவிட்டு, நீரையும் உப்பையும் சர்க்கரையையும் கழிவுகளையும் அது வடியவிடுகிறது. இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர்! அத்தனையும் வெளியேறினால் நாம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கமாட்டோம். ஆகவே வடிந்த நீர் ஒரு நீண்ட நுண்குழாயில் ஓடும்போது, சர்க்கரை முழுவதும், உப்பிலும் நீரிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் மறுபடி இரத்தத்திற்கே திரும்புகிறது. மீனும் பருப்பும் செரித்தபின் ஈரலில் உண்டாகும் யூரியா போன்ற கழிவுகள் மீதி நீரோடு தங்கிவிடுகின்றன. சுமார் ஒன்றரை லிட்டர் அளவுள்ள அதுவே சிறுநீர்.

வெயிலில் வேர்க்கும்போது மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து, "நீரைச் சேமி" என்று நுண்குழாய்களுக்குச் சொல்கிறது. அப்போது சிறுநீர் குறைந்து, அடர்ந்த மஞ்சளாகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மனிதச் சிறுநீரகமோ எவ்வளவு முயன்றாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 20 கிராம் உப்புக்கு மேல் வெளியேற்ற இயலாது. கடல்நீரைக் குடித்தவன், குடித்ததைவிட அதிக நீரைத் தன் உடலிலிருந்தே இழப்பான். தாகம் தீர்வதற்குப் பதில் உயிரே போகும்.

உண்டான சிறுநீர், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. தானாகச் சொட்டுவதில்லை, குழாயின் தசைகள் அலை அலையாகச் சுருங்கித் தள்ளுகின்றன. படுத்திருந்தாலும் இது நிற்பதில்லை. பையில் பாதி நிறைந்ததும் நமக்கு உணர்வு வருகிறது. கழிப்பறை வசதியின்மையால் அதை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வருகிறது. மீன் விற்கக் கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சிறுநீரகம் பாதி கெடும்வரை பெரும்பாலும் வலி கிடையாது. நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் ஆண்டுக்கணக்கில் அந்த நுண்சுருள்களை அரிக்கின்றன. வலை இழுத்த உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் கெடுதி செய்கின்றன. உடலில் நீர் வற்றியிருக்கும்போது இன்னும் அதிகமாக. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, வாந்தியோடு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது. சிறுநீரில் புரதம் இருக்கிறதா, இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்ற இரண்டு எளிய பரிசோதனைகள் முன்பே காட்டிக்கொடுத்திருக்கும். மிஷன் மருத்துவமனைகளின் கிராம முகாம்களில் உங்கள் காணிக்கை முதலில் சென்று சேரவேண்டிய இடம் இதுவே என்பது எங்கள் எண்ணம். இயந்திரங்களைவிட இது மலிவு.

முற்றிலும் செயலிழந்தபின் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, மாற்றுச் சிறுநீரகம். இந்தியாவில் இது முதன்முதலாக வெற்றிகரமாக நடந்தது 1971-இல், ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். மற்றொன்று டயாலிசிஸ். வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இரவும் பகலும் ஓயாத வேலையை வாரத்தில் சில மணி நேரம் மட்டும் இயந்திரம் செய்வதால், நோயாளி குடிக்கும் தண்ணீரையும் அளந்தே குடிக்கவேண்டும். சிறுநீர் நின்றுபோனவருக்கு நாள் முழுவதற்கும் ஒரு லிட்டருக்கும் குறைவு. அரசு உதவி சிகிச்சைக் கட்டணத்தை ஏற்றாலும், பேருந்துச் செலவும், துணைக்கு வரும் மகனுடைய ஒரு நாள் கூலியும் வீட்டாரின் பாரமாகவே நிற்கின்றன. பாதியில் சிகிச்சையை நிறுத்திவிடுகிறவர்களில் சிலர் இந்தச் சில்லறைச் செலவினாலேயே நிறுத்துகிறார்கள். இவர்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். காணிக்கை அனுப்பும்போது 'பயணச் செலவுக்கு' என்று குறித்து அனுப்பினால், அது அப்படியே அவர்கள் கையில் சேரும்.